ஆர்லாண்டோவில் சொகுசு ஹோட்டல்: மதியம் ஒரு மணிக்கு எங்கே இருப்பீர்கள்?

நீங்கள் கேட்டிருப்பது பார்ப்பதற்கு எளிமையான கேள்வி. ஜூலையில் நியூ ஜெர்சியிலிருந்து ஆறு பேர், ஆறு இரவு, ஆர்லாண்டோ, டிஸ்னி, யூனிவர்சல் தீம் பார்க்குகளைப் பார்க்க. ஃபோர் சீசன்ஸ், ரிட்ஸ்-கார்ல்டன், வால்டார்ஃப் அஸ்டோரியா, டிஸ்னியின் கிராண்ட் ஃப்ளோரிடியன், இந்த நாலில் எது பெஸ்ட்? ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "பணம் பிரச்சினை இல்லை, ஆனால் வீணாகப் போனால் அப்பா வருடம் முழுக்கச் சொல்லிக்காட்டுவார்." உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது, அதில் எது உங்கள் ஆறு பேருக்கும் பயன்படும், எது விளம்பரப் படத்தோடு நின்றுவிடும் என்று தெரியவேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா, அப்பாவுக்கு முழங்கால் வலி, ஒன்பது வயதிலும் நாலு வயதிலும் பிள்ளைகள். இதையெல்லாம் நீங்களே எழுதியிருப்பதால் பதில் சொல்வது சுலபம்.

ஆர்லாண்டோவில் ஒரு பெரிய ரிசார்ட்டின் ஃப்ரன்ட் டெஸ்க்கில் ஆறு வருடம் நின்றிருக்கிறேன். அப்புறம் ஒன்பது வருடமாகக் குடும்பங்களுக்குப் பயணம் திட்டமிட்டுக் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்தது இந்த ஓர் ஊர்தான். கலிஃபோர்னியாவையோ டோக்கியோவையோ பற்றிக் கேட்டால் நானும் உங்களைப்போல ஒரு டூரிஸ்ட். என்னிடம் வருபவர்களும் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் வருபவர்கள், அதனால் என் பார்வை அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். தேனிலவுத் தம்பதி யாராவது இதைப் படித்தால் பாதியைத் தள்ளிவிடலாம்.

ஹோட்டல் விஷயத்தில் நான் எல்லாரிடமும் முதலில் கேட்பது ஒன்றுதான்: மதியம் ஒரு மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள்? ஜூலையில் ஆர்லாண்டோ 33 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும், காற்றில் ஈரம் வேறு, நம் ஊர்க் கடற்கரையோரத்துச் சித்திரை மாதம்தான். மதியத்துக்கு மேல் பல நாளும் இடி மின்னலோடு மழை கொட்டும். அப்போது வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், நீச்சல் குளத்தையும் மூடிவிடுவார்கள். ஊர் தெரிந்தவர்கள் காலையில் கேட் திறக்கும்போதே உள்ளே போய், ஒரு மணி வாக்கில் அறைக்குத் திரும்பி, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, வெயில் தாழ ஐந்து ஆறு மணிக்கு மறுபடி போவார்கள். நாலு வயதுக் குழந்தையும் அறுபதைத் தாண்டியவர்களும் இருக்கும் குடும்பத்துக்கு இதை விட்டால் வேறு வழியே இல்லை என்பேன். காலை எட்டு முதல் ராத்திரி பத்து வரை ஒரே மூச்சில் நின்றுபார்த்த குடும்பங்கள் மூன்றாம் நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காலை உணவு சாப்பிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

நான் டெஸ்க்கில் இருந்த ரிசார்ட்டில் (பெயர் வேண்டாம்) பூங்காக்களுக்கு "இலவச ஷட்டில்" உண்டு. அச்சிட்ட தாளில் அழகாகப் போட்டிருக்கும். எத்தனை முறை என்பது தாளின் பின்பக்கம். ஒருநாள் ஒரு பெரியவர் போன் செய்தார். பூங்கா ஷட்டில் நிறுத்தத்தில் நிற்கிறாராம், மணி ஒன்று பத்து, ஒரு மணி வண்டி போய்விட்டது, அடுத்தது எப்போது என்று கேட்டார். நாலு மணிக்கு என்று சொல்லும்போது எனக்கே நாக்கு குழறியது. டாக்ஸி பிடித்து வந்து சேர்ந்தார்கள். மகன் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, வாய் திறந்தபடி. அவன் மணிக்கட்டில் பாப்கார்ன் வாளி தொங்கியது. பாட்டி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு லாபியின் சலவைக்கல் தரையில் வெறுங்காலோடு நடந்து வந்தார். அவர்கள் எடுத்திருந்தது எங்கள் ரிசார்ட்டின் மிக உயர்ந்த அறைகளில் ஒன்று. பளிங்குக் குளியலறை, ஏரி பார்த்த பால்கனி, எல்லாம் உண்டு. அந்த ஐந்து நாளில் அந்தப் பால்கனியில் அவர்கள் உட்கார்ந்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

இப்போது நிலவியல். டிஸ்னியின் நிலம் கிட்டத்தட்ட 100 சதுர கிலோமீட்டர். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நாலு பூங்காவும் அதில் நாலு மூலையில் சிதறிக் கிடக்கின்றன. இதில் மேஜிக் கிங்டம் மட்டும் ஒரு விசித்திரம். 1971இல் திறந்தபோதே வண்டி நிறுத்தும் இடத்தை ஏரிக்கு இந்தப் பக்கமும் பூங்காவை அந்தப் பக்கமும் வைத்துவிட்டார்கள். உங்கள் காரும் ஊபரும் வெளி ஹோட்டல் ஷட்டில்களும் இந்தப் பக்கத்து நிலையத்தோடு நின்றுவிடும். அங்கே இறங்கி மோனோரெயிலோ படகோ பிடித்துத்தான் கேட்டுக்குப் போகவேண்டும், திரும்பும்போதும் அதே கதை. ஆக, வரைபடத்தில் பார்த்துவிட்டு "பதினைந்து நிமிஷ டிரைவ்தான்" என்று வெளி ஹோட்டல்காரர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அந்தப் பதினைந்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் நடை, வரிசை, படகு, ஊபர் காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் பூங்காவின் உள்ளிருந்து அறைக் கட்டில்வரை ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக வந்து சேர்ந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. போக ஒன்று, வர ஒன்று. அப்புறம் மதியத் தூக்கம் எங்கிருந்து வரும்?

ஏரியைச் சுற்றி மோனோரெயில் போகும் ஹோட்டல்கள் மூன்று: கன்டெம்பரரி, பாலினீசியன், நீங்கள் கேட்ட கிராண்ட் ஃப்ளோரிடியன். முதல் இரண்டும் பூங்காவோடு சேர்ந்து 1971இல் திறந்தவை, கிராண்ட் ஃப்ளோரிடியன் 1988. இதில் விளம்பரத்தில் வராத ஒரு சங்கதி உண்டு. ரிசார்ட் மோனோரெயில் ஒரே திசையில்தான் சுற்றும்: மேஜிக் கிங்டம், அடுத்து கன்டெம்பரரி, பிறகு அந்த வண்டி நிலையம், பாலினீசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன், மறுபடி மேஜிக் கிங்டம். கிராண்ட் ஃப்ளோரிடியனிலிருந்து காலையில் பூங்காவுக்கு ஒரே நிறுத்தம், ஏறி உட்காருமுன் வந்துவிடும்; திரும்பும்போது முழுச் சுற்றும் சுற்றி வரவேண்டும். கன்டெம்பரரிக்கு இதற்கு நேர்மாறு, ஆனால் அங்கிருந்து கேட்டுக்குப் பத்து நிமிஷம் நடந்தாலே போதும் என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. கிராண்ட் ஃப்ளோரிடியனிலிருந்தும் இப்போது நடைபாதை இருக்கிறது, படகும் இருக்கிறது. அப்பாவைப் படகில் ஏற்றுங்கள், காற்று வாங்கிக்கொண்டே வருவார். மோனோரெயிலில் பிள்ளை தூங்கும் ஸ்ட்ரோலரை மடிக்காமலே உள்ளே தள்ளிவிடலாம். இதன் அருமை, தூங்கும் குழந்தையை எழுப்பி ஸ்ட்ரோலரை மடித்துப் பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றில் எனக்குப் பிடித்தது பாலினீசியன். காரணம் அலங்காரம் இல்லை. அங்கிருந்து அந்த வண்டி நிலையத்துக்கு நடந்தே போகலாம், அங்கே எப்காட் மோனோரெயில் நேராகக் கிடைக்கும். இரண்டு பூங்காக்களுக்கு பஸ் இல்லாமல் போய்வர முடிகிறது. ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் அனிமல் கிங்டமுக்கும் இந்த மூன்று ஹோட்டலிலிருந்தும் பஸ்தான். கிராண்ட் ஃப்ளோரிடியன் அழகான கட்டிடம், லாபியில் பியானோ, விசேஷ வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஆனால் அறைக்கு அறை ஒப்பிட்டால் உங்கள் பட்டியலில் உள்ள மற்ற மூன்றும் கொடுக்கும் சொகுசு அதில் இல்லை. மெத்தை, குளியலறை, வேலைக்காரர்கள் விழுந்து விழுந்து கவனிப்பது, இதிலெல்லாம் டிஸ்னி ஹோட்டல்கள் அந்த விலைக்கு ஒரு படி கீழேதான். டிஸ்னியில் நீங்கள் கொடுக்கும் காசு தூரத்துக்கு, அதாவது தூரம் இல்லாமல் இருப்பதற்கு.

மறுபக்கம் ஃபோர் சீசன்ஸ். 2014இல் திறந்தது, டிஸ்னி நிலத்துக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் டிஸ்னி நடத்துவதில்லை. ஐந்து ஏக்கரில் பிள்ளைகளுக்கான நீர் விளையாட்டு, மிதந்துகொண்டே போகும் ஓடை, கட்டணமில்லாத கிட்ஸ் கிளப், ரிசார்ட் ஃபீ என்று தனியாகப் பிடுங்காத நல்ல குணம், எல்லாம் உண்டு. ஹோட்டல் என்ற அளவில் இந்த ஊரில் அதற்கு மேல் நான் பார்த்ததில்லை. அதுதான் சிக்கலும்: அதை அனுபவிக்க நீங்கள் அங்கே இருக்கவேண்டும். பூங்கா டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு அங்கே தங்குவது, கல்யாணச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் இன்னோர் ஓட்டலில் ஃபுல் மீல்ஸ் ஆர்டர் பண்ணுவதுபோல. இன்னொன்று, நிலத்துக்குள் இருப்பதாலேயே டிஸ்னி நடத்தும் ஹோட்டல்களுக்கான சலுகை எல்லாம் வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; உங்கள் தேதிக்கு எது உண்டு எது இல்லை என்று பதிவு செய்யுமுன் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ரிட்ஸ்-கார்ல்டன் அருமையான இடம், சுமார் 500 ஏக்கர், பக்கத்து ஜேடபிள்யூ மாரியட்டோடு நீர் ஓடையைப் பகிர்ந்துகொள்கிறது. ஆனால் டிஸ்னியிலிருந்து விலகி இருக்கிறது. சீ வேர்ல்டு பூங்காவுக்கும் மாநாட்டு மையத்துக்கும் வருபவர்களுக்கு அது பொருந்தும், உங்களுக்கு வேண்டாம். வால்டார்ஃப் தூரத்தில் பரவாயில்லை, மூன்று பக்கமும் டிஸ்னி நிலம் சூழ்ந்த இடம். கோல்ஃப் ஆடுபவராக இருந்தாலோ ஹில்டன் குழும ஹோட்டல்களில் தங்கித் தங்கிச் சேரும் பாயின்ட் மலைபோலச் சேர்ந்திருந்தாலோ யோசிக்கலாம். பாயின்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்களிடம் மாரியட் பாயின்ட் இருந்தால் ஸ்வான், டால்ஃபின், ஸ்வான் ரிசர்வ் என்று மூன்று ஹோட்டல் எப்காட் பக்கம் இருக்கின்றன. எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் நடந்தே போகலாம், டிஸ்னியின் உயர்வகை ஹோட்டல்களுக்கான சலுகைகளும் கிடைக்கும். ரிசார்ட் ஃபீயும் பார்க்கிங்கும் தனி. உங்கள் பிள்ளைகள் ஏழெட்டு வயதைத் தாண்டியிருந்தால் இந்தப் பக்கத்தையே முதலில் சொல்லியிருப்பேன். நாலு வயதுக்கு மேஜிக் கிங்டம்தான் உலகம்.

சலுகைகளில் எது காசு பெறும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். பூங்கா திறக்குமுன் அரை மணி நேரம் உள்ளே விடுவது உண்மையாகவே பயன்படும், ஆனால் அதற்கும் கொஞ்சம் முன்னால் கேட்டில் நின்றால்தான். சாவகாசமாகக் காபி குடித்துவிட்டுப் போனால் அது காணாமல் போய்விடும். இரவில் சில குறிப்பிட்ட நாட்களில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்துவைப்பது உயர்வகை ஹோட்டல்காரர்களுக்கு மட்டும். கூட்டமே இருக்காது, சொர்க்கம், ஆனால் நாலு வயதுக் குழந்தைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு அங்கே என்ன வேலை? பெரியவனை மட்டும் நீங்கள் ஒருநாள் கூட்டிப்போகலாம், பாட்டி தாத்தா சின்னவளோடு இருந்துகொண்டால். லைட்னிங் லேன் எனும் கட்டண வரிசையை டிஸ்னி ஹோட்டல் விருந்தினர் 7 நாள் முன்பே பதிவு செய்யலாம், தங்கும் எல்லா நாளுக்கும் ஒரே சமயத்தில். வெளியில் தங்குபவர்களுக்கு 3 நாள்தான். ஜூலைக் கூட்டத்தில் இந்த நாலு நாள் வித்தியாசம் பெரிசு, நல்ல நேரங்களை முதலில் வருபவர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு 60 நாள் முன்பே பதிவு தொடங்கிவிடும், அதையும் மறக்காதீர்கள்.

யூனிவர்சலுக்கு ஒன்றிரண்டு நாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஹோட்டல் கணக்கே வேறு. போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் இந்த மூன்றில் தங்கினால் அறையில் பெயர் பதிவான எல்லாருக்கும் பழைய இரண்டு பூங்காக்களுக்கான எக்ஸ்பிரஸ் பாஸ் வாடகையிலேயே அடக்கம், அதுவும் வரும் நாள், போகும் நாள் இரண்டுக்கும். ஆக ஒரே ஓர் இரவு தங்கினால் இரண்டு முழு நாள் வரிசையைத் தாண்டிப் போகலாம். அறை தயாராக மாலை நாலு மணி ஆகும், ஆனால் பாஸை வாங்கிக்கொண்டு பெட்டியை ஹோட்டலில் போட்டுவிட்டுக் காலையிலேயே உள்ளே போய்விடலாம். ஜூலையில் ஆறு பேருக்கு அந்தப் பாஸைத் தனியாக வாங்கும் விலையைப் பார்த்துவிட்டு இரண்டு அறை வாடகையைப் பாருங்கள், சிரிப்பு வரும். இரண்டு எச்சரிக்கை: எக்ஸ்பிரஸ் பாஸ் என்பது நுழைவுச் சீட்டு இல்லை, அதைத் தனியாக வாங்கவேண்டும், எல்லா ரைடும் அதில் சேராது. 2025 மே 22இல் திறந்த யூனிவர்சலின் புதிய பூங்காவான எபிக் யூனிவர்ஸுக்கும் இந்தப் பாஸ் செல்லாது. எபிக்கின் வாசலிலேயே இருக்கும் ஹீலியோஸ் கிராண்ட் ஹோட்டலில் தங்கினால் பூங்காவுக்குத் தனிக் கதவு உண்டு, ஆனால் இலவச எக்ஸ்பிரஸ் கிடையாது. இந்தக் குழப்பத்தில் விழுந்தவர்கள் நிறையப் பேர்.

சரி, காசு. ஆர்லாண்டோவில் பெரும்பாலான ஹோட்டல்கள் இருக்கும் ஆரஞ்சு கவுன்டியில் அறை வாடகை மேல் வரி 12.5 சதவீதம்: விற்பனை வரி 6.5, சுற்றுலா வரி 6. உதாரணத்துக்கு 700 டாலர் அறை என்று வைத்துக்கொண்டால் வரியோடு 787.50. ரிசார்ட் ஃபீ வாங்கும் இடத்தில் அதன் மேலும் வரி போடுவார்கள், அப்புறம் வண்டி நிறுத்த ஒரு கட்டணம், வேலட் என்றால் இன்னொரு தொகை. டிஸ்னி நடத்தும் ஹோட்டல்களில் ரிசார்ட் ஃபீ இல்லை. 2023 ஜனவரியிலிருந்து விருந்தினர் வண்டி நிறுத்தவும் காசில்லை, பூங்கா பார்க்கிங்கும் சேர்த்து. 2025 மேயிலிருந்து கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த விலையையே முதலில் காட்டவேண்டும் என்று அமெரிக்க அரசு விதி கொண்டுவந்துவிட்டது, அதனால் முன்புபோலக் கடைசிப் பக்கத்தில் அதிர்ச்சி வராது, ஆனால் அரசு வரியைச் சேர்க்காமல் காட்டலாம். ஒப்பிடும்போது எல்லா ஹோட்டலுக்கும் வரி சேர்த்த கடைசித் தொகையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதில் தினமும் இரண்டு முறை போய்வரும் ஊபரையும் சேருங்கள். ஆறு பேருக்குச் சாதாரணக் கார் போதாது, பெரிய வண்டிதான் வரவேண்டும், மழை நேரத்தில் அதன் விலை ஏறும். "வெளியே மலிவு" என்ற எண்ணம் அந்தத் தாளில் பாதி கரைந்துவிடும்.

ஆறு பேர் என்பதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, நான் அதைத்தான் அதிகம் யோசித்தேன். ஒரே அறையில் ஆறு பேர் முடியாது. பாலினீசியன் அறைகளில் ஐந்து பேர்வரை. எனவே இரண்டு அறை, அல்லது இரண்டு படுக்கையறை உள்ள வில்லா. இரண்டு அறை எடுத்தால் "கனெக்டிங்" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள், அதுதான் நடுவில் கதவு உள்ளது. "அட்ஜாயினிங்" என்றால் பக்கத்துப் பக்கத்து அறை, அவ்வளவுதான், அப்பாவுக்கு மாத்திரை கொடுக்க ராத்திரி நடைவழியில் ஓடவேண்டும். டெஸ்க்கில் நான் சமாளித்த சண்டைகளில் கால்வாசி இந்த ஒரு சொல்லால் வந்தவை.

வில்லா என்றால் பெரும்பாலும் எட்டு ஒன்பது பேர்வரை தங்கலாம், முழுச் சமையலறை, துணி துவைக்கும் எந்திரம், பெரியவர்களுக்குத் தனிப் படுக்கையறையும் குளியலறையும். நேராக டிஸ்னியிடம் எடுத்தால் விலை கண்ணைக் கட்டும். ஆனால் டிஸ்னி வெகேஷன் கிளப் என்று ஒன்று உண்டு, முன்கூட்டியே பணம் கட்டி வருடா வருடம் தங்கும் உரிமையைப் பாயின்டாக வாங்கிவைப்பது; அதன் உறுப்பினர்கள் தங்கள் பாயின்டை வாடகைக்கு விடுவார்கள், இடைத்தரகர் நிறுவனங்கள் இருக்கின்றன, கணிசமாகக் குறையும். பதிலுக்கு, ரத்து செய்தால் பணம் பொதுவாகத் திரும்பாது, தேதியையும் மாற்ற முடியாது. ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு மூன்றாம் நாள் நாக்கு செத்துப்போகும். அன்றைக்கு அந்தச் சமையலறையில் ஒரு ரசமும் தயிர் சாதமும் கிடைத்தால் அம்மாவின் முகம் மாறுவதைப் பாருங்கள். அவர்கள் சைவமா என்று எழுதவில்லை. இருந்தால், டிஸ்னி மெனுவில் பச்சை இலைக் குறி போட்டது பால் முட்டைகூட இல்லாதது, பால் சாப்பிடுபவர்கள் அதற்கு வெளியேயும் கேட்டு வாங்கலாம். அனிமல் கிங்டம் லாட்ஜின் சனா உணவகத்துக்கு ஒருநாள் கூட்டிப்போங்கள். நான் ரொட்டி வகைகளும் விதவிதமான சட்னியும் ஒரே தட்டில் வரும், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். அங்கே தங்கச் சொல்லமாட்டேன், எங்கே போகவும் பஸ்தான். போதாததற்கு சனா இருக்கும் அந்தக் கிடானி கட்டிடத்தின் நடைவழிகள் மிக நீளம்.

அப்பாவின் முழங்காலுக்கு அந்த நடைவழிதான் எதிரி. பூங்காவில் மின்சார ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் கேட்டுக்கு வெளியே கொண்டுவர விடமாட்டார்கள். வெளி நிறுவனத்தில் எடுத்தால் ஹோட்டலிலேயே கொண்டுவந்து தருவார்கள், மோனோரெயிலிலும் ஏறும், அதை எடுங்கள். முதலில் "எனக்கென்ன, நான் நடப்பேன்" என்பார். எதிர்த்துப் பேசாமல் எடுத்து வைத்துவிடுங்கள், இரண்டாம் நாள் தானாக உட்கார்ந்து ஹாரன் அடிப்பார். பதிவில் "லிஃப்டுக்கு அருகில் அறை" என்ற கோரிக்கையைப் போட்டு, வருவதற்குச் சில நாள் முன்பு போன் செய்து ஞாபகப்படுத்துங்கள். கோரிக்கை கோரிக்கைதான், உத்தரவாதம் இல்லை. ஆனால் டெஸ்க்கில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், "முழங்கால் வலி உள்ள பெரியவர்" என்று காரணத்தோடு வந்த கோரிக்கையை நாங்கள் முதலில் எடுப்போம். "நல்ல அறை வேண்டும்" என்று வந்ததைக் கடைசியில்.

இதுவரை சொன்னதில் தூரம், வரி, பாஸ் விதி எல்லாம் உறுதியாகச் சொல்பவை, ஆனால் சலுகைகளைக் கம்பெனிகள் வருடா வருடம் மாற்றும், பணம் கட்டும் அன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. பூங்கா பார்த்த அறைக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். வாணவேடிக்கையைக் கூட்டத்தில் நிற்காமல் பால்கனியிலிருந்து பார்த்த பாட்டிகள் என்னிடம் கண்கலங்கியதும் உண்டு, திரையை இழுத்துவிட்டு எட்டரைக்கே தூங்கிய குடும்பங்களும் உண்டு. பாலினீசியன் கடற்கரை மணலில் உட்கார்ந்தாலே அது தெரியும் என்பதால் நான் கொடுக்கமாட்டேன். எந்த நாளில் கூட்டம் குறையும் என்று சொல்லும் காலண்டர்களை நான் பாதிதான் நம்புவேன். கிளப் லெவல் எனப்படும் தனி லவுஞ்சில் நாள் முழுக்கத் தின்பண்டம் கிடைப்பது இழுக்கும், ஆனால் பகலில் நீங்கள் அங்கே இருந்தால்தானே.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாலினீசியனில் ஐந்து இரவு எடுப்பேன், வில்லா கிடைத்தால் வில்லா, இல்லாவிட்டால் நடுக்கதவுள்ள இரண்டு அறை. மேஜிக் கிங்டம் இரண்டு காலை, எப்காட் ஒருநாள், நடுவில் ஒருநாள் பூங்காவே இல்லாமல் குளமும் சனாவும். ஆறாவது இரவு ராயல் பசிஃபிக், அதன் இரண்டு பகலும் யூனிவர்சல். அம்மா அப்பாவுக்கு அங்கே இரண்டு நாள் டிக்கெட் வாங்கவேண்டாம், ஒருநாள் போதும், இன்னொரு நாள் அவர்கள் ஏசியில் இருக்கட்டும். உங்கள் மனைவிக்கு ஃபோர் சீசன்ஸ் மேல்தான் கண் என்று எழுதியிருந்தீர்கள். அது நியாயமான ஆசை, அதற்குத் தனியாக ஒரு மூன்று நாள், பூங்கா டிக்கெட் ஒன்றுகூட இல்லாமல், இன்னொரு சமயம் வாருங்கள். தள்ளுபடி பிறகு வந்தால் மாற்றிக்கொள்ளும்படி அறையை மட்டும் தனியாக, ரத்து செய்யக்கூடிய விலையில் பதிவு செய்யுங்கள். இன்னொன்று, சின்னவளுக்கு நாலு, பெரியவனுக்கு ஒன்பது என்பதால் டிஸ்னியில் இருவருக்கும் சிறுவர் டிக்கெட்தான், பத்து வயது முடிந்தால் பெரியவர் விலை. அவன் பிறந்தநாள் ஜூலைக்கு முன்னால் இல்லையே?

அப்பா சொல்லிக்காட்டுவது பற்றி: ஹோட்டலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன். வருடம் முழுக்கச் சொல்லிக்காட்டப்போவது பூங்காவுக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலுக்குக் கொடுத்த காசைத்தான், நான் பார்த்த அப்பாக்கள் எல்லாரும் அப்படித்தான். டிஸ்னியில் குளிர்பானம் விற்கும் குவிக் சர்வீஸ் கவுன்டர் எதிலும் ஐஸ் போட்ட தண்ணீரை இலவசமாகவே தருவார்கள். கேட்கவேண்டும், அவ்வளவுதான், அதை அவரையே கேட்டு வாங்கவிடுங்கள்.